தறிச் சத்தத்தில் படிக்க முடிகிறது, சீரியல் சத்தத்தில் முடியவில்லையே?

கேள்வி: சோமனூர் பக்கம் எங்கள் வீடு. அடுத்த வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். தறிச் சத்தம் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் ஹாலில் அத்தை சீரியல் போட்டுவிட்டால் ஒன்றுமே மண்டையில் ஏறுவதில்லை. "போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள். இன்னொரு சந்தேகமும் உண்டு. வீட்டில் மாதிரித் தேர்வு எழுதினால் நல்ல மதிப்பெண் வருகிறது. பயிற்சி மையத்தில் எல்லாரோடும் உட்கார்ந்து எழுதினால் கணக்குப் பகுதியில் மட்டும் சரிகிறது. அங்கே ரேங்க் பட்டியலைச் சத்தமாக வாசிப்பார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் கவனித்தது சரிதான். படிக்கும்போது, ஒலி எவ்வளவு பெரிது என்பதைவிட அது எவ்வளவு மாறிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் அதிகம் தொந்தரவு செய்கிறது. தறி ஒரே தாளத்தில் ஓடுவது. கொஞ்ச நேரத்தில் மனம் அதை ஒதுக்கிவிடும். பேச்சில் ஒவ்வோர் அசையும் முந்தையதிலிருந்து வேறுபடுவதால், நாம் கேட்க விரும்பாவிட்டாலும் அது உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

1976-ல் கோல், வெல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் சிலரிடம் எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்கச் சொல்லி, பின்னணியில் ஜெர்மன் மொழிப் பேச்சை ஓடவிட்டார்கள். கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. அப்படியும் தவறுகள் கூடின. பிறகு வந்த ஆய்வுகளில், பேச்சின் ஒலியைக் குறைத்தாலும் காதில் விழும்வரை பாதிப்பு ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. ஆகவே "சவுண்டைக் கொஞ்சம் குறைங்க" என்று அத்தையிடம் கேட்பதில் பெரிய பலன் இராது. கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் மேஜை மின்விசிறியை ஓடவிடுங்கள். அதன் சீரான இரைச்சல் பேச்சை மூடிவிடும்.

எந்தப் பாடத்தை எப்போது எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பேச்சுச் சத்தம் அதிகம் பதம் பார்ப்பது, எதையாவது வரிசையாக மனதில் தாங்கிப் பிடிக்கும் வேலையைத்தான். எட்டுத்தொகை நூல்களை வரிசையாக ஒப்பிப்பது அதில் ஒன்று. மனக்கணக்கு இன்னொன்று. 12 பேர் 15 நாளில் முடிக்கும் வேலையை 20 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? பன்னிரண்டை பதினைந்தால் பெருக்கி 180 என்று மனதில் நிறுத்துகிறீர்கள். அந்த நேரம் பார்த்து டிவியில் ஒருவர் "இன்னும் மூணே நாள்தான் டைம்" என்கிறார். 180 போய்விடுகிறது, திரும்ப முதலிலிருந்து வரவேண்டும். இப்படி விடைகளைத் தற்காலிகமாகத் தாங்கும் இடத்தைச் செயல்நினைவு என்பார்கள். அதன் கொள்ளளவு எல்லாருக்குமே சிறியதுதான். சீரியல் நேரத்தில் கணக்கையும் புதுப்பாடத்தையும் எடுக்காதீர்கள். ஏற்கெனவே படித்ததைக் குறிப்பெடுப்பது, ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பிப் பழகுவது போன்றவற்றுக்கு அந்த நேரம் போதும். பாட்டுக் கேட்டுக்கொண்டு படிக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். வரிகள் உள்ள பாட்டும் பேச்சுதான். வெறும் வாத்திய இசை பரவாயில்லை.

"பழகிடும்" என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நியூயார்க்கில் மேம்பால ரயில் பாதையை ஒட்டி ஒரு பள்ளி இருந்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரயில் போகும்போதெல்லாம் ஆசிரியர் பாடத்தை நிறுத்த வேண்டியிருந்தது. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் 1975-ல் வெளியிட்ட ஆய்வில், பாதைப் பக்க வகுப்பறைக் குழந்தைகள் மறுபக்கத்தில் இருந்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு வருடம். தண்டவாளத்துக்கு ரப்பர் அடிப்பகுதியும் வகுப்பறைக் கூரைக்கு ஒலியுறிஞ்சும் பலகையும் போட்ட பிறகு 1981-ல் மறுபடி பார்த்தால், வித்தியாசம் போயிருந்தது. அந்தக் குழந்தைகள் வருடக்கணக்கில் அங்கேதான் இருந்தார்கள். பழக்கம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சத்தம் எப்போது வரும் என்று தெரிவதும், வேண்டுமானால் நிறுத்தலாம் என்ற எண்ணமும் பெரிய ஆறுதல். கிளாஸ், சிங்கர் என்ற இரு உளவியலாளர்கள் 1970-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார்கள். சத்தத்தை நிறுத்தும் பொத்தான் கையில் இருந்தவர்கள், அதைத் தொடாமலே இருந்தும்கூட, பின்னர் கொடுத்த கடினமான புதிர்களில் கூடுதல் பொறுமை காட்டினார்கள். எந்த நேரம் டிவி, எந்த நேரம் படிப்பு என்று அத்தையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பாதி எரிச்சல் அதிலேயே அடங்கும்.

சரி, பயிற்சி மையத்துக்கு வருவோம். பக்கத்தில் ஆள் இருந்தால் நன்கு பழகிய வேலை மேம்படும், பழகாத வேலை சறுக்கும் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1965-ல் விளக்கினார். 1982-ல் பில்லியர்ட்ஸ் மேஜை அருகே இதைப் பார்த்தார்கள். நான்கு பேர் வந்து நின்று கவனித்ததும், தேர்ந்த ஆட்டக்காரர்கள் சரியாக அடித்த அடிகளின் அளவு 71 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏறியது. சுமாரானவர்களுடையது 36-லிருந்து 25-க்கு இறங்கியது. 241 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 1983-ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, வெறுமனே ஆள் இருப்பதால் வரும் மாற்றம் சிறியதுதான். அதனால் உங்கள் விஷயத்தில் கூட்டத்தைவிட அந்த ரேங்க் வாசிப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம். "என் பேர் எத்தனையாவதா வருமோ" என்ற கவலையும் அந்தச் சின்ன செயல்நினைவில்தான் இடம் பிடிக்கிறது. தமிழ்ப் பகுதிக்கு நினைவிலிருந்து எடுத்துப் போட்டாலே போதும், தப்பித்துவிடுகிறது. கணக்கு மாட்டிக்கொள்கிறது.

200 கேள்விகளில் திறனறிவுக் கணக்கு 25. தனிவட்டி, காலமும் வேலையும் போன்றவற்றை வீட்டில் அமைதியில், கை தானாகப் போகும்வரை போட்டுப் பழகுங்கள். அதுவரை மையத்தின் மாதிரித் தேர்வில் அந்தப் பகுதி மதிப்பெண்ணை வைத்து உங்களை எடைபோடாதீர்கள். கடைசி ஒரு மாதம் மட்டும் முழுத் தேர்வை மூன்று மணி நேரமும் மற்றவர்களோடு உட்கார்ந்தே எழுதுங்கள். இடைக்கணக்கை வினாத்தாளில் அதற்கான பக்கத்தில் எழுதிவிடுங்கள், மனதில் சுமக்க வேண்டாம். தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தை அப்படியே எழுதிய மாணவர்கள் நன்றாகச் செய்ததாக 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காசு செலவில்லாதது, செய்து பாருங்கள். ரேங்க் வாசிக்கும்போது எழுந்து வெளியே வந்துவிடுவதிலும் தப்பில்லை. உங்கள் போன தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. தறிச் சத்தம் படிப்பைக் கெடுக்காமல் இருக்கலாம், காதைக் கெடுக்கலாம். கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபலைத் தொட்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள். தறி நின்ற பிறகும் காதுக்குள் இரைச்சல் கேட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள்.