1758 என்ற வருடத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

ஐயா, வணக்கம். மகளை ரஷ்யாவில் மருத்துவம் படிக்க அனுப்புவது பற்றி ஏஜென்ட் கொடுத்த நோட்டீஸை அனுப்பியிருந்தீர்கள். அதில் '1758 முதல்' என்ற வரிக்கு அடியில் பேனாவால் நீங்களே கோடு போட்டிருக்கிறீர்கள். இவ்வளவு பழைய அரசுப் பல்கலைக்கழகம், மகளை நம்பி அனுப்பலாம்தானே என்று கேட்கிறீர்கள்.

மாஸ்கோவின் செச்செனவ் மருத்துவப் பல்கலைக்கழகம் நல்ல இடம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ரஷ்யாவில் மருத்துவப் படிப்பு என்றால் முதலில் வாயில் வரும் பெயர்களில் ஒன்று. ஆனால் நீங்கள் கோடு போட வேண்டிய வரி அது இல்லை.

மாஸ்கோ பல்கலைக்கழகம் 1755-ல் உருவானது. அதன் மருத்துவப் பிரிவு தொடங்கிய ஆண்டுதான் 1758. பிரிந்து தனி நிறுவனமானது 1930-ல், சோவியத் ஆட்சியில். உடலியல் அறிஞர் இவான் செச்செனவின் பெயரை வைத்தது 1955-ல், பல்கலைக்கழகம் ஆனது 2010-ல். பரம்பரை உண்மையானது, ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. ஒரே நிறுவனம் ஒரே பெயரில் இத்தனை காலம் நடந்து வந்ததாக மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டாம். (செச்செனவ் யார் என்று மகள் கேட்டால்: தவளை மூளையின் ஒரு பகுதியில் உப்புத் துணுக்கை வைத்து, அமிலத்தில் நனைந்த காலை அது இழுத்துக்கொள்ளத் தாமதமாவதைக் காட்டியவர். மூளை அனிச்சைச் செயலைத் தூண்டுவது மட்டுமல்ல, அடக்கவும் செய்கிறது என்பது அதிலிருந்து தெரியவந்தது.)

பழமையால் மாணவர்களுக்கு நிஜமாகவே லாபம் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. 1880-களிலும் 90-களிலும் மாஸ்கோவின் தேவிச்யே போலே என்ற பகுதியில் அறுவை சிகிச்சை, மகப்பேறு, மனநலம், நரம்பியல், குழந்தைகள் என்று துறைவாரியாகக் கிளினிக்குகளைக் கட்டினார்கள். அன்றைய மருத்துவப் பிரிவின் தலைவர் ஸ்க்லிஃபசோவ்ஸ்கி என்ற அறுவை மருத்துவர் இதற்காகப் பெரிதும் பாடுபட்டார். வியாபாரக் குடும்பங்கள் பணம் கொடுத்தன. 1887-ல் திறந்த மனநலக் கிளினிக் மொரோசவா என்ற பெண்மணியின் நன்கொடை. அந்த வளாகத்தில் இன்றும் நோயாளிகள் வருகிறார்கள், மாணவர்கள் நிற்கிறார்கள். சொந்த மருத்துவமனை இல்லாமல், ஊரில் உள்ள ஏதோ ஒரு ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வகுப்பு நடத்தும் கல்லூரிகள் வெளிநாடுகளில் நிறைய. அவற்றோடு ஒப்பிட்டால் இது பெரிய வித்தியாசம். எந்தக் கல்லூரியை யார் காட்டினாலும், "நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள்?" என்று முதலில் கேளுங்கள்.

சரி, படிப்பு எப்படி நடக்கும்? நீங்கள் கேட்காத கேள்வி இது. நான் அதிகம் சொல்ல நினைப்பதும் இதைத்தான்.

மொத்தம் ஆறு ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டில் உடற்கூறு, திசுவியல், உயிர்வேதியியல், அவற்றோடு லத்தீனும் ரஷ்ய மொழியும். மூன்றாம் ஆண்டில் நோயியலும் மருந்தியலும். நான்காம் ஆண்டிலிருந்து ஒரு துறைக்குச் சில வாரம் என்று தொடர்ச்சியாக கிளினிக்கில் உட்கார வைப்பார்கள். வகுப்பு என்றால் நூறு பேர் அமர்ந்து குறிப்பெடுப்பது மட்டும் இல்லை. சிறு குழுவாகப் பிரித்து, ஆசிரியர் உள்ளே வந்ததும் முந்தின பாடத்தில் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்பார். பதில் சொல்லவில்லை என்றாலும், வகுப்புக்கே வரவில்லை என்றாலும், அந்தப் பாடத்தைப் பிறகு தனியாகப் போய் ஒப்பித்துக் கணக்கை முடிக்க வேண்டும். அதற்கு 'ஒத்ரபோத்கா' என்று பெயர். போன வருடத்து மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தச் சொல்லைக் கேட்டதும் பெருமூச்சு விடுவார்கள். இதைச் சேர்த்து வைத்தால் பருவத் தேர்வுக்கு உட்கார விட மாட்டார்கள்.

தேர்வு ஜனவரியில் ஒன்று, ஜூனில் ஒன்று. பல பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வுதான். மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும், அதிலுள்ள கேள்விகளுக்குக் கொஞ்ச நேரம் யோசித்துக் குறித்துக்கொண்டு, ஆசிரியர் எதிரில் அமர்ந்து பேச வேண்டும். 5 மிக நன்று, 4 நன்று, 3 பாஸ், 2 ஃபெயில். மகள் நன்றாகப் படித்து எழுதுவாள், ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தயங்குவாள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் 1758-ஐ விட முக்கியமாகப் பட்டது இதுதான். தயக்கத்தைப் போக்கிக்கொள்ள முடியும். முதல் வருடத்தில் பல பிள்ளைகள் போக்கிக்கொள்கிறார்கள். ஆனால் அது தெரிந்து போக வேண்டும். இப்போதிலிருந்தே தினமும் ஒரு பாடத்தை உங்களிடம் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அவள் பேசினால் போதும்.

மொழி விஷயமும் அப்படித்தான். ஆங்கில வழியில் பாடம் நடக்கும், ஆனால் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி ரஷ்ய மொழியில்தான் வலியைச் சொல்லுவார். முதல் இரண்டு வருடம் ரஷ்ய வகுப்பை அலட்சியமாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் நான்காம் ஆண்டில் வார்டில் ஓரமாக நிற்கிறார்கள். நோயாளியிடம் பேசாமல் ஆறு வருடம் முடித்து வந்தால், எவ்வளவு பழைய கிளினிக்காக இருந்தும் என்ன பயன்?

அடுத்து இந்தியச் சட்டம். இது எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றுதான், பழைய கல்லூரி என்று தள்ளுபடி கிடையாது. நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். "அது தேவையில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அதற்குமேல் 12 மாத இன்டர்ன்ஷிப், இரண்டும் ஒரே நிறுவனத்தில், ஆங்கில வழியில். சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். முதல் வருடம் ஒரு ஊரில் சேர்த்துவிட்டுப் பிறகு மாஸ்கோவுக்கு மாற்றித் தருகிறோம் என்ற பேச்சுக்கு இதனால் இடமே இல்லை. படித்த நாட்டில் மருத்துவராக வேலை பார்க்கும் தகுதியும் வேண்டும். ரஷ்யாவில் அதற்குப் படிப்பின் முடிவில் அக்ரெடிடேஷன் என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஊருக்கு வந்த பிறகு எஃப்.எம்.ஜி.இ. என்ற தேர்வு (வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே மருத்துவராக எழுத வேண்டியது), 300-க்கு 150 எடுத்தால் பாஸ், எழுதுகிறவர்களில் பெரும்பகுதியினர் ஒவ்வொரு முறையும் தோற்கிறார்கள். பின்னால் அதற்குப் பதில் நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வு வரலாம். பாஸ் செய்த பின் இங்கும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்.

படித்த நிறுவனத்திலேயே செய்ய வேண்டிய அந்த 12 மாத இன்டர்ன்ஷிப்பில்தான் சிக்கல். ரஷ்யாவில் படிப்புக்குப் பின் தனியாக ஓராண்டு இன்டர்ன்ஷிப் என்ற முறையை 2010-களின் நடுவில் எடுத்துவிட்டார்கள். ஆகவே 54 மாதம் எது, 12 மாதம் எது என்று பல்கலைக்கழகமே பிரித்துக் காட்டி, தன் பெயர் அச்சிட்ட தாளில் (லெட்டர்ஹெட்) எழுதித் தர வேண்டும். ஏஜென்டின் வாட்ஸ்ஆப் பதில் இதற்குச் செல்லாது. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மகளே மின்னஞ்சல் எழுதட்டும். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

எஃப்.எம்.ஜி.இ. நடத்தும் தேசியத் தேர்வு வாரியம் கல்லூரி வாரியாக எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் பாஸ் என்று பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அதில் இந்தப் பெயரைத் தேடுங்கள். எழுதியவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் சதவீதத்தை நம்ப வேண்டாம்.

பணத்தில் ஒரு சின்ன விஷயம். 2022 மார்ச்சிலிருந்து நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே வேலை செய்வதில்லை. மாதச் செலவுக்கு எப்படி அனுப்புவீர்கள் என்பதை அங்கே இப்போது படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரிடமாவது கேளுங்கள். ஏஜென்ட் கொடுக்கும் நம்பராக இல்லாமல் நீங்களே தேடிப் பிடித்தவர்களாக இருக்கட்டும். குளிரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், கட்டடங்களுக்குள் ஹீட்டர் இருக்கும்.

இன்டர்ன்ஷிப் கடிதம் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கட்டாதீர்கள். 'சீட் போய்விடும்' என்று அவசரப்படுத்தினால், அந்த வார்த்தையை மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கடிதம் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.