பேருந்துப் பலகையும் படித்துறைப் பலகையும்

கேள்வி: பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் என் மகள், தனக்குப் பிடித்த தொடரின் பாத்திரங்களை வைத்து ஃபேன் ஃபிக்ஷன் எழுதுகிறாள். ஒரு கதையில் இரண்டு ஆண்கள் காதலிக்கிறார்கள். முத்தக் காட்சிகூடக் கிடையாது. ஆனாலும் முகப்பில் ‘எச்சரிக்கை’ போட்டிருக்க வேண்டும் என்று ஒரு வாசகர் கண்டித்திருக்கிறார். போடத்தான் வேண்டுமா ஐயா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. ஆயினும் அந்த வாசகர் இல்லாத வழக்கத்தைச் சொல்லவில்லை. ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஆண் பாத்திரங்களான கிர்க்கையும் ஸ்பாக்கையும் காதலர்களாக்கிய கதை ரசிகர் இதழொன்றில் அச்சானது 1974-இல்; இரு பெயர்களுக்கும் நடுவே இட்ட சாய்கோடே பின்னர் ‘ஸ்லாஷ்’ என்று அவ்வகைக் கதைகளுக்கெல்லாம் பெயராயிற்று. இணையத்தின் தொடக்க ஆண்டுகளில், ‘இதில் ஸ்லாஷ் உண்டு, பிடிக்காதவர்கள் விலகிக்கொள்ளலாம்’ என்று முகப்பிலேயே எழுதிவிடுவது பரவலாக இருந்தது. வாசகர்மீது கொண்ட அக்கறையைவிட, வசைக்கடிதங்களுக்கு அஞ்சியே பலர் அதை எழுதினார்கள் என்று நினைக்கிறேன்.

2009-இல் பொதுவாசகர்களுக்குத் திறக்கப்பட்ட ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் ரசிகர் கதைத் தளம் எச்சரிக்கையையும் கதையின் வகையையும் பிரித்து வைத்தது. அதன் எச்சரிக்கைப் பட்டியலில் கொடூர வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், வல்லுறவு, வயது வராதோரைப் பாலுறவில் ஈடுபடுத்துதல் ஆகிய நான்குதான் உண்டு. ஆண்–ஆண், பெண்–பெண், ஆண்–பெண் என்பவை ‘வகை’ என்னும் வேறொரு கட்டத்தில் சரிசமமாக நிற்கின்றன.

உங்கள் ஊர் வழியாகச் செல்லும் பேருந்தின் நெற்றியில் ‘பாபநாசம்’ என்றிருப்பதும், அங்கே தாமிரபரணிக் கரையில் ‘ஆழமான பகுதி’ என்றிருப்பதும் பலகைகள்தாம். முன்னதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, அந்த ஊருக்குப் போகாதவர் ஏறாமல் விட்டுவிடுகிறார், அவ்வளவுதான். காதலைப் படித்துறைப் பலகையில் எழுதினால், அதில் மூழ்கிச் சாக ஏதோ இருக்கிறது என்றாகிவிடும். வயதுவந்தோர் இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே தீர்ப்பளித்துவிட்டது.

படுக்கையறைக் காட்சி இருந்தால் வயதுக் குறிப்பு அவசியம். அது ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதைக்கும் அதே அளவில் பொருந்தும். உங்கள் மகளின் கதைக்கு, ‘ஆண்–ஆண் காதல், அனைவரும் படிக்கலாம்’ என்ற ஒரு வரி போதும். தேடி வருபவருக்கும் தவிர்க்க விரும்புபவருக்கும் அதுவே உதவும். அந்த வரி விடுபட்டிருந்தால் மட்டும் இன்றே சேர்த்துவிடச் சொல்லுங்கள்.