பல்லுக்குள் கல் இருந்தால் கிட்னியிலும் கல் இருக்குமா?

பல் எக்ஸ்ரேயில் கல் தெரிந்ததும் இணையத்தில் தேடிப் படித்து, கிட்னியிலும் இருக்குமோ என்று பயந்து பாலையும் தயிரையும் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பல்லில் இருப்பதால் கிட்னியிலும் இருக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரேயில் உங்கள் கடைவாய்ப் பற்கள் இரண்டில் தெரிந்த 'பல்ப் ஸ்டோன்' கிட்னியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கல்லடைப்பு வந்ததைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

பல்ப் ஸ்டோன் என்பது, பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள கூழில் படியும் சுண்ணாம்புத் துணுக்கு. வயது, ஆழமான சொத்தை, பல் தேய்மானம் போன்றவற்றால் அங்கேயே உருவாவது. அதில் இருப்பது கால்சியம் பாஸ்பேட்; கிட்னிக் கல்லில் பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சில சிறிய ஆய்வுகளும், இல்லை என்று சிலவும் சொல்கின்றன. இணையத்தில் உங்கள் கண்ணில் பட்டது முதல் வகை மட்டுமே. பல் வலிக்காதவரை விட்டுவிடுங்கள். வேர் சிகிச்சை செய்ய நேர்ந்தால்தான் அது வேர்க்குழாயின் வாயை மறைத்து இடைஞ்சல் தரும். அப்போது நுண்ணிதாக அதிரும் அல்ட்ராசோனிக் முனையால் உடைத்து எடுத்துவிடுவார்கள்.

சிறு வயதிலிருந்தே பல் எனாமல் மெலிந்து மஞ்சளாக, ஈறு தடித்திருப்பவர்கள் விதிவிலக்கு. அந்த அரிய பரம்பரைக் கோளாறில் கிட்னியிலும் சுண்ணாம்பு படியும். நீங்கள் எழுதியதில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

பாலையும் தயிரையும் நிறுத்தியதுதான் பெரிய தவறு. உணவில் வரும் கால்சியம், கிட்னிக் கல்லில் சேரும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றும். அது குறைந்தால் ஆக்சலேட் ரத்தத்தில் ஏறி சிறுநீரில் இறங்கும். நீங்கள் பயந்த கல்லுக்கு நீங்களே வழி விடுகிறீர்கள். ஈறுக்காகத் தினமும் போடும் 1000 மி.கி. வைட்டமின் சி மாத்திரையும் உடலில் ஓரளவு ஆக்சலேட்டாக மாறும். அதை நிறுத்துங்கள், பாலைத் தொடருங்கள். வாழைத்தண்டு கல்லைக் கரைக்கும் என்று நம்பினால், பொரியலாகச் சாப்பிடுங்கள். ஆனால் பல்லில் உள்ள கல்லை அது கரைக்காது.

அப்பாவுக்குக் கல்லடைப்பு வந்திருப்பதால், நீங்கள் ஒரு முறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொண்டால் போதும். நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் வலியோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், அடைத்த கல்லுக்கு மேலே தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகியிருக்கலாம். சில மணி நேரத்தில் அது ரத்தத்தில் பரவும். ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. டிஜே ஸ்டென்ட் (சிறுநீர்க்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாய்) வைத்தோ முதுகு வழியே குழாய் செருகியோ தேங்கிய சிறுநீரை வடித்தாக வேண்டும். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சல் இறங்கியதே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் எமர்ஜென்சிக்குப் போய், காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது, கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது என்ற இரண்டையும் முதலில் சொல்லுங்கள்.