புயலை அடக்க வல்லவர் என்றால், எல்லாப் புயலையும் ஏன் அடக்குவதில்லை?

"காற்றும் கடலும் இயேசுவுக்குக் கீழ்ப்படிந்தன என்கிறீர்கள். அப்படியானால் ஜெபித்தால் புயல் திசை மாறிவிடுமா?" என்பது கேள்வி.

நான் விசுவாசி. மாறலாம் என்று நம்புகிறேன். மாறியே தீரும் என்று அடித்துச் சொல்ல வேதாகமத்தில் எனக்கு ஆதாரம் இல்லை.

நீங்கள் குறிப்பிடும் சம்பவம் மாற்கு சுவிசேஷத்தின் 4ஆம் அதிகாரத்தில் வருகிறது: இயேசுவும் சீடர்களும் கலிலேயாக் கடலில் படகில் போகும்போது புயல் அடிக்கிறது. கலிலேயாக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 210 மீட்டர் தாழ்வில், மேடுகளுக்கு நடுவே கிடக்கிறது. மேட்டிலிருந்து குளிர்ந்த காற்று திடீரென்று இறங்கினால் சற்று நேரத்தில் அலை எழும்பிவிடும். படகில் இருந்தவர்களில் சிலர் அந்த ஏரியிலேயே வலை வீசிப் பிழைத்தவர்கள். அவர்களே பயந்தார்கள் என்றால் அது சாதாரணக் காற்றாக இருந்திருக்காது. இயேசுவோ பின்னணியத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து, "இரையாதே, அமைதலாயிரு" என்றார். காற்று நின்றது. உடனே சீடர்கள் கேட்டது, "இவர் யாரோ?" என்று. கொந்தளிப்பை அமர்த்துகிறவர் கர்த்தர் என்று 107ஆம் சங்கீதம் பாடுகிறது. அதை அறிந்த யூதர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரிந்திருக்கும். மாற்கு சொல்ல வருவதும் அதைத்தான். இனி எந்தப் படகும் கவிழாது என்ற வாக்குறுதி அங்கே எங்கும் இல்லை.

அதற்குச் சான்று வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம். அப்போஸ்தலனாகிய பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோன கப்பல் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்றில் சிக்கிற்று. பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது, கப்பல் மட்டும் சேதமாகும் என்று தேவதூதன் மூலம் பவுலுக்குச் செய்தி வந்தது. அப்படியே 276 பேரும் மெலித்தா தீவில், அதாவது இன்றைய மால்டாவில், கரையேறினார்கள். ஆனால் கடைசி வரை காற்று அதட்டப்படவில்லை. கப்பல் உடைந்தது, கோதுமை கடலில் போயிற்று, சிலர் பலகையைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்தார்கள். பவுலின் விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

பேரழிவு வந்ததும் "பாவத்துக்குத் தண்டனை" என்று மைக் பிடிக்கும் பிரசங்கிகளிடம் எனக்குப் பொறுமை கிடையாது. 2004 சுனாமியில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் மாண்டவர்களில் பலர் யாத்திரை வந்தவர்கள். எருசலேமின் சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொன்னார். நீதிமான்மேலும் அநீதிக்காரன்மேலும் ஒரே மழை பெய்கிறது என்றதும் அவர்தான்.

ஜெபிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று அந்தக் கப்பல் கதையிலேயே இருக்கிறது. எல்லாரும் பிழைப்பார்கள் என்ற வாக்கு கிடைத்த பிறகும் மாலுமிகள் விழுது, அதாவது ஆழம் அளக்கும் கயிறு, விட்டுப் பார்க்கிறார்கள்: இருபது பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி), சற்று தள்ளிப் பதினைந்து பாகம். பாறையில் மோதுவோம் என்று பயந்து பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரம் போடுகிறார்கள். பிறகு அந்த மாலுமிகளே சிறு படகில் தப்பப் பார்க்கும்போது, "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்ப முடியாது" என்று நூற்றுக்கு அதிபதியிடம், அதாவது கைதிகளைக் கொண்டுபோன ரோமப் படைத் தலைவனிடம், சொல்வது, வாக்கைக் கேட்ட அதே பவுல். புயல் எச்சரிக்கை வந்த பின்னும் "ஜெபித்துவிட்டோம், கடலுக்குப் போகலாம்" என்பவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுவது இந்த வசனத்தைத்தான்.