வீட்டுக் கடன் மோசடி: யாரிடம் புகார் செய்வது? கேள்வி பதில்

வங்கியின் கடன் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடமான மோசடி பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

எங்கள் அம்மா வீட்டை யாரோ ஆள்மாறாட்டம் செய்து அடமானம் வைத்திருக்கிறார்கள். வங்கி சுவாதீன நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. (திருப்பூர்)

முதலில் நோட்டீஸின் தேதியைப் பாருங்கள். சர்ஃபாசி சட்டப்படி (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம்) சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். போலீஸில் புகார் கொடுத்தாலும் அந்தக் கெடு நிற்காது. நிறைய பேர் வீட்டை இழப்பது இங்கேதான்.

அடுத்து, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (சொத்தின் மேல் உள்ள பதிவுகளின் பட்டியல்) போட்டுப் பாருங்கள், இலவசம்தான். அடமானப் பதிவு இருந்தால், அந்த ஆவண எண்ணுக்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். ஒருமுறை அப்படி வாங்கிய நகலை நானே பிரித்துப் பார்த்தேன். உரிமையாளருக்கு வயது எழுபதுக்கு மேல். போட்டோவில் இருந்தவருக்கு நாற்பதுகூட இருக்காது. பக்கத்திலேயே பெருவிரல் ரேகை. அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

அந்த நகலோடு மாவட்டக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 318, 319, 336, 338, 340 பிரிவுகள். அதற்கு முந்தையது என்றால் பழைய ஐ.பி.சி. 419, 420, 467, 468, 471. சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் ரசீது) வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத்தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

கடன் கட்டி முடித்தும் பத்திரம் தரவில்லை.

முப்பது நாளுக்குள் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் இது ரிசர்வ் வங்கியின் விதி. எழுத்தில் கேளுங்கள்.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யலாமா?

கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி ஆன்லைனில் பணம் பறித்திருந்தால் உடனே செய்யுங்கள். போலிப் பத்திரத்துக்கு அது இடமில்லை.

ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) நேரடியாகப் போகலாமா?

முதலில் வங்கிக்கு எழுத வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ஆம்புட்ஸ்மேன். விவரம் கேட்க 14448. கடன் கொடுத்தது வீட்டுவசதி நிதி நிறுவனம் என்றால் புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும். எழுதிய கடிதத்தில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்டால் ஆம்புட்ஸ்மேன் புகாரை எடுக்க மாட்டார். முதலில் வங்கிக்கு எழுதச் சொல்லி ஏன் தவறாக வழிகாட்டுகிறீர்கள்? (மதுரை வழக்கறிஞர்)

வக்கீல் சார், அப்படி இல்லை. நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ அதே விவகாரம் நிலுவையில் இருந்தால்தான் எடுக்க மாட்டார்கள். போலீஸ் விசாரணையும் குற்ற வழக்கும் அந்தத் தடையில் வராது என்று ரிசர்வ் வங்கியின் 2021 ஆம்புட்ஸ்மேன் திட்டத்திலேயே விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

சரி. ஆனால் மேனேஜரே உடந்தை என்றால்? உங்கள் கடிதம் அவர் கைக்குத்தானே போகும்? ஃபைலே காணாமல் போய்விடும்.

இதில் நீங்கள் சொல்வது சரி, நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: போலீஸ் புகாரும் வங்கிக் கடிதமும் ஒரே நாளில் போகட்டும். கடிதம் கிளைக்கு மட்டும் போகக் கூடாது, தலைமை அலுவலக விஜிலென்ஸுக்கும் போக வேண்டும். பொதுத்துறை வங்கி என்றால் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். தனியார் வங்கி அதிகாரியும் தப்ப முடியாது. அவர்களும் ஊழல் தடுப்புச் சட்டத்துக்குள் வருவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. வங்கிக்கே எழுத வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். எழுதாவிட்டால், "எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று நாளைக்குத் தீர்ப்பாயத்தில் நிற்பார்கள்.

சார், அடமான மோசடிக்கு எங்கே புகார் கொடுப்பது?

மேலே திருப்பூர்க்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். இதே கேள்வி நான்காவது முறை வருகிறது.

ஆன்லைனில் புகார் போட்டேன். நம்பர் எதுவும் குறித்து வைக்கவில்லை.

திரும்பப் போடுங்கள். இந்த முறை நம்பரை எழுதி வையுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. லோன் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூலப்பத்திரமும் ஏஜென்ட்டிடம்தான் இருக்கிறது.

இன்றைக்கே அப்பாவின் சிபில் அறிக்கை (அவர் பெயரில் உள்ள கடன்களின் விவரம்) எடுங்கள், வருஷத்துக்கு ஒன்று இலவசம். வில்லங்கமும் போட்டுப் பாருங்கள். ஏஜென்ட் சொன்ன வங்கிக்கு, அப்பா பெயரில் எந்த விண்ணப்பத்தையும் ஏற்க வேண்டாம் என்று கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். பத்திரம் போன விஷயத்தைப் போலீஸில் எழுதிக் கொடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.

அப்பாவைத் திட்டாதீர்கள். எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் எதிரில் கையெழுத்துப் போட்டார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.