மாசி வீதியில் கடை பிடிக்கும் முன்

கேள்வி: மதுரை தெற்கு மாசி வீதியில் ஜவுளிக்கடை நடத்துபவர், கடையைப் ‘பகடி’க்கு, அதாவது மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, தருகிறேன் என்கிறார். 12 லட்சம் அவருக்கு, மாத வாடகை கட்டட உரிமையாளருக்கு. அடிமனை கோயிலுடையது. வாங்கலாமா?
– வாசகி, திருமங்கலம்

இப்படியே வாங்காதீர்கள். மண் கோயிலுக்கு, கட்டடம் ஒருவருக்கு, சாவி மட்டும் இவரிடம். உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் கடையைக் கைமாற்ற வாடகைதாரருக்கு உரிமை கிடையாது. பகடிப் பணத்துக்கு ரசீதும் வராது. (தமிழில் அந்தச் சொல்லுக்குக் கேலி என்றும் பொருள்!)

முதலில் அடிமனை வாடகை ரசீதைக் கேளுங்கள். அது யார் பெயரில் இருக்கிறது? இறந்துபோன தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தால், பெயர் மாற்றம் முடியும்வரை பேச்சை நிறுத்திவிடுங்கள். அடுத்து பாக்கி. அடிமனைக்குக் கோயில் நிர்ணயிக்கும் நியாய வாடகை உயர்த்தப்பட்டுப் பல வருட நிலுவை சேர்ந்திருந்தால், கட்டடக்காரர் அதை உங்கள் வாடகையில் ஏற்றப் பார்ப்பார். குத்தகை செல்லாது என்றானால் அறநிலையச் சட்டத்தின் 78-ஆம் பிரிவில் ஆக்கிரமிப்பாளர் என்று வெளியேற்றவும் முடியும். கோயில் சொத்தை 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட ஆணையரின் அனுமதி தேவை. ‘9 வருஷத்துக்கு எழுதித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அந்த உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள்.

இடம் பிடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் வழி இது: பழைய வாடகைதாரர் கடையை உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்படைக்கட்டும். உரிமையாளர் உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் போடட்டும். பழையவருக்கு ரேக், கண்ணாடி, சரக்கு ஆகியவற்றின் விலையை மட்டும் பில் வாங்கிக்கொண்டு வங்கி வழியாகக் கொடுங்கள்.

கேள்வி: தனியார் கட்டடம்தான். 180 சதுர அடி, 11 மாத ஒப்பந்தம், 10 மாத அட்வான்ஸ். போதுமா?
– வாசகர், மேலூர்

சதுர அடியிலேயே சிக்கல் இருக்கலாம். பழைய கட்டடத்தின் வெளி அளவு 10-க்கு 18 என்றால் 180 வந்துவிடும். இருபக்கமும் பின்னாலும் ஒன்றரை அடிச் சுவர் இருந்தால் உள்ளே மிஞ்சுவது 7-க்கு பதினாறரை, சுமார் 115 சதுர அடி. டேப்பை நீங்களே பிடியுங்கள்.

11 மாதம் என்பது சார்பதிவகச் செலவைத் தவிர்க்கும் பழைய பழக்கம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும். அட்வான்ஸ் 3 மாத வாடகைதான். இருவரும் ஒப்பினால் கூட்டலாம். எனவே கையெழுத்துப் போட்டுவிட்டு 10 மாதம் அதிகம் என்று வாதாட முடியாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

உள் அலங்காரத்துக்கு 5 லட்சம் போடுகிறவருக்கு 11 மாதம் தற்கொலைக்குச் சமம். 3 முதல் 5 ஆண்டு கேட்டு, வாடகை உயர்வைச் சதவீதத்தில் குறித்து, சார்பதிவகத்தில் பதியுங்கள்.

ஜிஎஸ்டியையும் கேளுங்கள். நீங்கள் பதிவு செய்தவர், உரிமையாளர் பதிவு செய்யாதவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகை மீதான 18 சதவீத வரியைக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருப்பவருக்கு மட்டும் விலக்கு.

கேள்வி: பழைய கட்டடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், உசிலம்பட்டி

மெட்ராஸ் டெரஸ் தளம் (மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கூரை) என்றால், மர உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சுவரின் ஈரம் முதலில் அங்கேதான் மரத்தை உளுக்க வைக்கும். உளுத்த உத்தரத்துக்குக் கீழே பரண் கட்டித் துணிமூட்டை ஏற்றாதீர்கள். ஐப்பசி மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. மீட்டர் யார் பெயரில், வணிக இணைப்பா என்று கார்டைப் பாருங்கள்.

பெயர்ப் பலகையையும் தகரச் சாய்ப்பையும் கழற்றி மாட்டும்படி போல்ட்டில் அமையுங்கள். சித்திரைத் தேர் நான்கு மாசி வீதிகளிலும் வரும். வீதிக்கு நீட்டிக்கொண்டிருப்பதை அதற்குள் இறக்கியாக வேண்டும்.