ஓவியம், உயிரியல் இரண்டும் பிடிக்கும் என்றால் ஒன்றை விட்டே ஆக வேண்டுமா?

கேள்வி கேட்டவர் புதுச்சேரியில் பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கிறார். படம் வரையவும் பிடிக்கும், செடி கொடிகளைப் பற்றிப் படிக்கவும் பிடிக்கும், வீட்டில் ‘ஏதாவது ஒன்றைப் பிடி’ என்கிறார்கள், நான் யார் என்றே எனக்குப் புரியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

எதையும் விடாதீர்கள். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். நீட் பயிற்சிக்குப் பணம் கட்டியிருப்பார்கள். வரைகிற நோட்டைக் கையில் பார்த்தாலே அம்மாவின் முகம் மாறும். விசேஷத்துக்கு வருகிற பெரியப்பா ஒருவர், “பொழுதுபோக்குக்குச் சரி, சோறு போடுமா?” என்பார். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். ரெண்டுங்கெட்டான் என்ற பெயரும் எனக்கு உண்டு.

நான் பி.எஸ்சி. தாவரவியல் படித்தேன். கடைசி வருஷப் புராஜெக்டுக்கு எங்கள் குழு பிச்சாவரம் அலையாத்திக் காட்டை எடுத்துக்கொண்டது. படகில் போய்ச் சுரபுன்னைக் கிளைகளைச் சேகரித்து வந்தோம். எல்லாம் ஒரே பையில், ஒரே பெயர் எழுதிய சீட்டோடு இருந்தன. “போட்டோ எடுத்து ஒட்டிவிடலாம், நேரமில்லை” என்றார்கள். நான் வரைகிறேன் என்று பையை வீட்டுக்கு வாங்கி வந்தேன்.

ஒரு பூவை வரைய வேண்டுமென்றால் அதைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். காம்பு எவ்வளவு நீளம் என்று டிவைடர் வைத்து அளக்க வேண்டும். மகரந்தத்தாள்களை எண்ணாமல் வரைய முடியாது. அப்படிப் பிரித்தபோது ஒரு பூவின் இதழ் ஓரத்தில் பஞ்சு மாதிரி ரோமம் இருந்தது. இன்னொரு கிளையின் பூவில் ரோமமே இல்லை. ஒன்றில் எட்டு மகரந்தத்தாள்கள், மற்றதில் பன்னிரண்டு. ஒன்று நீளமான காம்பில் நின்றது. மற்றது இலைகளுக்குக் கீழே, தடித்த குட்டைக் காம்பில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. பையில் இருந்தது ஒரு இனம் அல்ல, இரண்டு. ரைசோபோரா முக்ரோனேட்டா, ரைசோபோரா அபிகுலேட்டா. மறுநாள் பேராசிரியர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சீட்டை மாற்றி எழுதச் சொன்னார்.

பிச்சாவரத்தில் இந்தக் கவனம் இன்னும் அதிகமாகத் தேவை. இந்த இரண்டும் கலந்து உண்டான மரமும் அங்கே இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன் அதை முதலில் தனி இனமாக விவரித்து, பல்கலைக்கழகத்தின் பெயரையே வைத்தார்: ரைசோபோரா அண்ணாமலையானா. அது கலப்பினம் என்று பின்னால் உறுதியானது. மூன்றையும் பிரித்துச் சொல்லக் கண் பழகியிருக்க வேண்டும். என் கண் பழகியது வரைந்து வரைந்துதான். அன்றிலிருந்து, ஓவியம் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று நான் நினைப்பதில்லை. நீ யார் என்று கேட்டால் செடியைப் பார்த்து வரைகிறவள் என்பேன். அதில் எது கலை, எது அறிவியல் என்று எனக்கே பிரித்துக் காட்டத் தெரியாது.

சரி, கேமரா இருக்கும்போது இது எதற்கு என்று கேட்க ஆட்கள் வருவார்கள். போட்டோவை நான் குறை சொல்லவில்லை, நானும் எடுக்கிறேன். ஆனால் போட்டோ ஒரு பூவை, அது இருந்த நிலையில் காட்டும். கோட்டோவியத்தில் முழுப் பூ, விரித்த இதழ், அறுத்த சூலகம், பக்கத்தில் அளவுகோல் என எல்லாவற்றையும் ஒரே தாளில் வைக்கலாம். பூச்சி கடித்த இலையை விட்டுவிட்டு, பல கிளைகளைப் பார்த்து அந்த இனத்துக்குப் பொதுவானதை வரையலாம். புதிய செடி இனத்தை விவரிக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் கோட்டோவியம் வருவது இதனால்தான்.

இது மேல்நாட்டு விஷயம் என்றும் யாரும் சொல்ல வேண்டாம். 1838 முதல் 1853 வரை ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் மதராஸில் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தாவரப் படங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்த மண்ணின் ஓவியர்கள். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். எங்கள் புராஜெக்ட் பைண்டு ஆகி வந்தபோது படங்கள் இருந்தன, வரைந்தவள் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கல்யாண வரவேற்புப் பலகை, வளைகாப்புக் கோலம், பக்கத்து வீட்டுப் பையனின் ரெக்கார்டு நோட்டு என்று எல்லாவற்றுக்கும் “உனக்கென்ன, பத்து நிமிஷ வேலை” என்று வந்து நிற்பார்கள். தையல்காரரிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை. வரைகிறவர்களின் உழைப்பு மட்டும் எப்படி இலவசமாகிறது? நீங்கள் இப்போதே கூலி கேட்கப் பழகுங்கள்.

சோற்றுக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் தனியார் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியை. ஆய்வாளர்களுக்குத் தாவரப் படங்கள் வரைந்து கொடுப்பதிலும் வருமானம் வருகிறது. அது மட்டும் போதாது. எல்லோருக்கும் இது சரிப்படும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவம் கிடைத்தால் போங்கள். உடற்கூறியலிலும் வரைகிற கைக்கு வேலை உண்டு. ஓவியமே முழுப் படிப்பாக வேண்டுமென்றால் உங்களுக்குப் பக்கத்திலேயே அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. அங்கே சேர்ந்தாலும் செடியைப் பிரித்துப் பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

அதுவரை உங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 1826இல் தொடங்கியது, நெரிசலான பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இவ்வளவு பழைய மரங்கள் கிடைப்பது பெரிய விஷயம். பூவைப் பறிக்காதீர்கள், கீழே விழுந்ததை எடுங்கள். பென்சிலுக்கு முன்னால் லென்ஸ் வாங்குங்கள். தாவரவியலில் சேர்வதென்றால் அந்தக் கல்லூரியில் ஹெர்பேரியம், அதாவது உலர்த்திப் பாதுகாத்த செடிகளின் சேகரிப்பு, இருக்கிறதா, வகைப்பாட்டியலை உயிருள்ள செடியை வைத்து நடத்துகிறார்களா என்று அங்கே படிக்கிறவர்களிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள்.